ஆணி விழுங்கிய புளியமரம்

சிட்டேறிப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நிற்கும் புளியமரத்துக்கு, பட்ட காயம் பட்ட இடத்திலேயே உடனே ஆறிவிடத் தொடங்கியது ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அன்றைக்கு என் கடையில் பால் திரிந்துபோய் நான் கடும் எரிச்சலில் இருந்தேன், எரிச்சலில் இருக்கும்போது எனக்குக் கண் நன்றாகத் தெரியும். மரத்துக்கு நேர் எதிரில் டீக்கடை போட்டிருப்பவள் நான். ஊரில் எது நடந்தாலும் முதலில் நான் பார்ப்பேன், கடைசியாக என்னிடம்தான் கேட்பார்கள்.

அன்று காலையில் வந்தவன் போர்டு அடிக்கிறவன். வண்டியின் பின்னால் தகரப் போர்டுகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கண்ணில் பட்ட மரத்திலெல்லாம் மூலம் பௌத்திரம் என்று அறைந்துவிட்டுப் போவது அவன் தொழில். புளியமரத்தில் நான்கு மூலைக்கும் ஆணி அடித்துவிட்டு என்னிடம் வந்து, பாலில்லாத டீயை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டான். அவன் ஊதி ஊதி ஒரு வாய் குடிப்பதற்குள் மரத்தின் பட்டை நான்கு பக்கமும் எழும்பி, மடிந்து, தகரத்தின் மேல் ஏறியது; மூலம் போனது, பௌத்திரம் போனது, ஆபரேஷன் இல்லாமல் என்பதில் ஆபரேஷன் மட்டும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்து அதுவும் போனது, கடைசியாக ஃபோன் நம்பரின் பின்பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்ச் சேர்ந்தது.

"அக்கா, இங்க ஒரு போர்டு அடிச்சனே, எங்கக்கா?"

"மரம் முழுங்கிடுச்சி."

"ஓ," என்றான். "அப்ப இன்னொரு டீ போடுங்க."

எங்கள் ஊர் இதற்கெல்லாம் ஏன் வாயைப் பிளக்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். காயம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்கு வீடு மாங்கன்று நர்சரி; காட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தண்டைச் சீவி, நல்ல ஜாதி மாமரத்தின் குச்சியை மரத்திலிருந்து வெட்டாமலே சீவி, சீவின இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டால், இரண்டு காயமும் ஒன்றையொன்று ஆற்றிக்கொண்டு ஒரே மரமாகிவிடும், அதைத்தான் தமிழ்நாடு முழுக்க லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். இதில் இருக்கும் சூட்சுமம் ஒன்றே ஒன்று: இரண்டு பக்கமும் பச்சைக் காயமாக இருக்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் சேர்த்துவிட வேண்டும். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆகையால் மரம் காயத்தை மூடிக்கொண்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, வேகத்தில்தான் வயிற்றெரிச்சல். நாங்கள் கட்டிய ஒட்டு பிடிக்க மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறோம், ரோட்டோரத்தில் அநாதையாக நிற்கும் இதற்கு என்ன அப்படி ஒரு அவசரம் என்று நர்சரி உரிமையாளர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. மரத்துக்கு யார் என்ன உரம் வைக்கிறார்கள் என்று விசாரித்ததில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆண்கள் ஒதுங்கும் இடம் அந்த மரத்தின் பின்பக்கம்தான் என்று தெரியவந்து, அதற்கப்புறம் கொஞ்ச நாள் நர்சரிக்காரர்கள் எல்லோரும் பஸ் பயணிகளைத் தத்தம் தோட்டத்துக்கு வருந்தி வருந்தி அழைத்தார்கள். ஒட்டு சீக்கிரம் பிடிக்கவில்லை, நாற்றம்தான் பிடித்தது.

ஒரு கட்சித் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து போர்டை மரம் விழுங்கியபோது மறு கட்சிக்காரர்கள் என் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் அவர்கள் போர்டையும் விழுங்கியது. இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே பந்தலில் உண்ணாவிரதம் இருந்துவிட்டு, மத்தியானம் ஒரே அண்டாவில் தக்காளி சாதம் சாப்பிட்டுக் கலைந்தார்கள். ஊரில் ஆள் பார்த்து நடக்காத ஒரே ஜீவன் அந்த மரம்தான் என்று அன்றைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்து பயாலஜி வாத்தியார் தேவநேசன் பிள்ளைகளைக் கூட்டிவந்து மரத்தடியில் பாடம் எடுத்தார். மனுஷனுக்குத் தோல் கிழிந்தால் கிழிந்த இடத்தில் புதுத்தோல் வருகிறது, மரம் அப்படி இல்லை, கெட்டுப்போனதை அதனால் சரிசெய்ய முடியாது, சுற்றிலும் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிட்டு மேலே புதுசாக வளர்ந்துகொள்ளும், வெளியே ஆறினதாகத் தெரியும், உள்ளே காயம் பட்டபடியே இருக்கும் என்று சொன்னார். எங்கள் ஊர்க் குடும்பங்களும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்ததாக அவர், காயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திசு தன் பழைய வேலையை மறந்துவிட்டு மறுபடியும் குழந்தையாகி, அங்கிருந்து எது வேண்டுமானாலும் ஆக ஆரம்பிக்கும் என்றார். பென்ஷன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை மட்டும் கேட்டார்கள். மறுநாள் விடியும் முன்பே வந்து பட்டையைச் சுரண்டிக் கொண்டுபோய், பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டார்கள். வயிற்றால் போய்ப் போய்க் கன்னம் ஒட்டி இடுப்பு சிறுத்ததில், பார்க்கக் கொஞ்சம் இளமையாகத்தான் தெரிந்தார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. உண்மையில் அந்த மரத்தால் பிழைத்தவர் மாதையன் பூசாரி ஒருவர்தான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பேய் பிடித்தால் அமாவாசை உச்சிவேளையில் அந்தப் புளியமரத்தடிக்குக் கூட்டிவருவார்கள். பம்பை அடித்து, அவளை ஆடவைத்து, பேயின் பேரையும் ஊரையும் கேட்டு, உச்சி மயிரைப் பிடித்து ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்துவிட்டு, மயிரைக் கத்தியால் அறுத்துவிடுவார் பூசாரி. அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும், பேய் ஆணியோடு மரத்தில் இருந்துகொள்ளும். பேய் பிடித்ததற்கு அடையாளம் என்ன என்று கேட்டால் அதற்கு ஒன்றும் குறைச்சல் இல்லை: புருஷனை எதிர்த்துப் பேசுவது, அண்ணன் தம்பிகளிடம் நிலத்தில் பங்கு கேட்பது, மாமியார் எழுந்த பிறகு எழுந்திருப்பது, மேலே படிக்க வேண்டும் என்பது, ஒரு காரணமும் இல்லாமல் மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருப்பது. ஆம்பளைகளை எங்கள் ஊரில் பேய் தொடுவதில்லை. அவர்கள் வேட்டி போன இடம் தெரியாமல் ரோட்டில் உருண்டு கிடந்தால் அதற்குப் பெயர் அசதி.

முன்பெல்லாம் அடித்த ஆணி மழையில் துருப்பிடித்து, நெகிழ்ந்து, கொஞ்ச காலத்தில் தானாக விழுந்துவிடும். பேயும் இறங்கி வீடு வந்து சேரும். அவளும் மறுபடி நிலத்தில் பங்கு கேட்பாள். மறுபடி பம்பை, மறுபடி ஆணி. இப்போது மரம் ஆணியை அடித்த கையோடு விழுங்கிக்கொள்வதால் பூசாரி ஆயுசுக்கும் கேரண்டி கொடுத்தார். மினி வேன்களில் பெண்கள் வந்து இறங்கினார்கள். பந்தல் போட்டு, கயிறு கட்டி, வரிசையில் நிற்கவைத்தார்கள்; புதிதாக ஆணி அடித்துக்கொள்ள வந்தவர்களும், முன்பே அடித்துக்கொண்டு கற்பூரம் கொளுத்த வந்தவர்களும் ஒரே வரிசை. என் வியாபாரமும் கூடியது, பொய் சொல்வானேன். அடித்துக்கொண்டு போன பெண்கள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை என்று அவர்கள் வீட்டார் வந்து பெருமையாகச் சொன்னார்கள். திறந்தால் ஆணி பத்தவில்லை என்று இன்னொன்று அடிப்பார்களே, எவள் திறப்பாள்?

அப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் முனிரத்தினத்தின் மகள் நிரோஷா சிரித்தாள்.

முனிரத்தினம் ஊரில் பெரிய நர்சரிக்காரர். அவர் மனைவி எல்லம்மாள் ஒட்டுக் கட்டுவதில் கைவேகம் உள்ளவள், பேசித்தான் நான் அதிகம் பார்த்ததில்லை. வேலை நேரம் முழுக்க பிளாஸ்டிக் நாடாவை வாயில் கடித்துக்கொண்டிருப்பாள், அதைச் சாக்காக வைத்து வீட்டிலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரே மகள் நிரோஷா, ஓசூர்ப் பக்கம் செல்ஃபோன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். தினமும் விடியற்காலையில் என் கடை வாசலில்தான் கம்பெனி பஸ் ஏறுவாள். அவளைப் பெண் பார்க்க ஒரு டைல்ஸ் கடைக்காரர் வீட்டிலிருந்து வந்தார்கள். டீ போட்டுக் கொடுக்க நான் போயிருந்தேன், அதனால் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள்: "எங்க வூட்டுல பொண்ணுங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல. மத்தபடி நாங்க ரொம்ப ஃப்ரீ. மாசத்துக்கு ஒரு வாட்டி அம்மா வூட்டுக்குக்கூட அனுப்புவோம்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஃபோனும் வெச்சிக்கலாம்," என்றார். "பாஸ்வேர்டு மட்டும் எங்கிட்ட இருக்கும்."

நிரோஷா சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள், தட்டில் இருந்த ஜாங்கிரி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், அடக்கப் பார்த்து மாப்பிள்ளையின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சமும் கோபப்படவில்லை, பரிதாபப்பட்டாள். "பாவம், பொண்ணுக்கு என்னமோ அடிச்சிருக்குது. உங்க ஊர்லயே நல்ல மரம் இருக்காமே. ஆணி அடிச்சி அனுப்புங்க, அடுத்த மாசமே முகூர்த்தம் வெச்சிக்கலாம்," என்றாள்.

முனிரத்தினம் மகளின் கம்பெனி ஐடி கார்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். வருகிற அமாவாசைக்கு ஆணி, அதற்கடுத்த மாதம் கல்யாணம், கல்யாணத்துக்கப்புறம் டைல்ஸ் கடைக்காரர் வீடு, அங்கே வேலை கிடையாது, ஃபோனைத் திறக்க இன்னொருவன் விரல் வேண்டும். இவ்வளவுதான் அந்தப் பெண்ணின் மிச்ச ஆயுசு என்று சிரித்த நேரத்துக்குள் முடிவாகிவிட்டது.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாவும் மகளும் என் கடைக்கு வந்தார்கள்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. எனக்குப் பேய் புடிச்சிருக்குதா?" என்று நிரோஷா கேட்டாள்.

"சிரிச்சதுக்கா? எனக்குந்தான் சிரிப்பு வந்துச்சி. கிளாஸ் கழுவுற சாக்குல நான் பின்னாடி போயிட்டேன். உனக்கு அந்த சாமர்த்தியம் இல்ல, எதிர்லயே நின்னுக்கினு சிரிச்சிட்ட."

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "எம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். எனக்கு இந்த வேலையும் போச்சின்னா வேற ஒண்ணும் இல்லம்மா. மயிரு போனா வளர்ந்துரும். நான் எப்பிடிம்மா வளருவேன்?"

எல்லம்மாள் வாயிலிருந்த நாடாவை எடுத்தாள்.  புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கி வெயிலு ஜாஸ்தியா இருக்கும். நல்லா தண்ணி குடிச்சிட்டு வா," என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு ஆற்றிய டீயை அப்படியே ரோட்டில் கொட்டினேன். பெற்றவள் பேசுகிற பேச்சா அது?

மறுநாள் உச்சிவேளைக்கு ஊரே கூடிவிட்டது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மாப்பிள்ளை வீட்டாரும் வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வரிசையில் முதல் ஆளாக நிரோஷாவை நிறுத்தியிருந்தார்கள். பம்பை முழங்கியது, அவள் ஆடவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

பூசாரி கேட்டார். "யாரு நீ? பேரு இன்னா?"

"நிரோஷா."

"எந்த ஊரு?"

"சிட்டேறிப்பள்ளிதான். நம்ம முனிரத்தினம் பொண்ணு."

"பாத்தீங்களா, பேயி பொய் சொல்லுது," என்று பூசாரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "உனக்கு இன்னா வேணும், கேளு!"

"என் ஐடி கார்டு."

பேய்கள் வழக்கமாகக் கோழியும் சாராயமும் சுருட்டும் கேட்கும். படித்த பேய் போலிருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் விளக்கம் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள்.

பூசாரி அவள் உச்சி மயிரைப் பிடித்து ஆணியில் சுற்றி ஓங்கி அடித்தார். ஆணி வளைந்தது. வேறு இடத்தில் அடித்தார், அங்கேயும் வளைந்தது. மரத்துக்குள் ஏற்கெனவே இருந்த இரும்புக்கு அளவே இல்லை, தொட்ட இடமெல்லாம் யாராவது ஒருத்தியின் ஆணி உள்ளேயிருந்து தடுத்தது. அதனால் அடியில் ஆணி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவர் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் சீவினார். பட்டைக்குக் கீழே மரம் பச்சைப்பசேலென்று ஈரமாக மின்னியது. மூடிக்கொள்வதற்குள் அடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவர் மயிரோடும் ஆணியோடும் இடது கட்டை விரலை அதன் மேல் அழுத்திப் பிடித்துச் சுத்தியலை இறக்க, அது விரலில் விழுந்தது. விரல் பிளந்து ரத்தம் வழிந்தது.

நிரோஷாவின் தலை மரத்தோடு ஒட்டியிருந்ததால் அவளுக்குத்தான் அது கிட்டத்தில் தெரிந்தது. "கைய எடுங்க பூசாரி, ரத்தம் வருது," என்றாள். "பச்சக் காயத்த பச்சையில வெக்காதீங்க, ஒட்டிக்கும்."

"ஆணிய எடுக்கச் சொல்லிக் கெஞ்சுது பாருங்க!" என்று பூசாரி முழங்கினார். "உட மாட்டேன்!" என்று இன்னும் பலமாக அழுத்திக்கொண்டார்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒட்டுக் கட்டிப் பிழைக்கிறவர்கள். அவள் சொன்னது சரி என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் பேய் சொன்னதையே தானும் சொன்னால் தனக்கும் ஆணி விழுமே என்று பெண்கள் பேசாமல் இருந்தார்கள், ஆண்கள் பூசாரிக்குத் தெரியாததா என்று இருந்தார்கள். நான் கத்தினேன். என் கத்தல் பம்பைச் சத்தத்தில் போய்விட்டது.

பூசாரி வலது கையால் கத்தியை எடுத்து மயிரை அறுத்தார். நிரோஷா விடுபட்டு நிமிர்ந்தாள், அவர் வெற்றியோடு கையை எடுத்தார், கை வரவில்லை.

இழுத்தார். விரலோடு சேர்ந்து மரத்தின் பட்டைதான் லேசாக அசைந்தது. காயத்தின் விளிம்பு எது, பட்டையின் விளிம்பு எது என்று தெரியாமல் இரண்டும் இழைந்திருந்தன. நர்சரிக்காரர்கள் கிட்டே போய், தொழில் புத்தி விடாமல், தடவித் தடவிப் பார்த்தார்கள். "நாடா கட்டல, ஒண்ணும் பண்ணல, ஒட்டு எவ்ளோ சுத்தமா புடிச்சிருக்குது பாரு," என்று முனிரத்தினமே மெய்மறந்து சொன்னார். ஒருவர் கோடாலி கொண்டுவந்து கொத்தினார். கொத்தின இடமெல்லாம் அடுத்த கணமே ஆறி, ஆறும்போது இன்னும் கொஞ்சம் கையைச் சேர்த்துக்கொண்டு, மணிக்கட்டுவரை வந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் கொத்தவில்லை. ஒரு ஸ்டூலும் குடையும் கொண்டுவந்தார்கள். நான் டீ கொடுத்தேன், வலது கையால் வாங்கிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கையில் மணிக்கட்டில் இளம்புளிய இலை இரண்டு தலைநீட்டியது. ஊர் அதையும் பார்த்துவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று யோசித்தது.

ஒட்டுப் பிடித்த கன்றைத் தாய்மரத்திலிருந்து வெட்டி இறக்குவது தனி வேலை. எங்கள் ஊரில் அதற்கு எல்லம்மாள்தான். அவள் இறக்கிய கன்று வாடியதே இல்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த மெல்லிய கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். ஒட்டுப் பிடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வாயிலிருந்த நாடாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"எறக்கிரலாம்," என்றாள். "எறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. எம்பொண்ணுக்குப் பேயி இருந்துச்சா?"

பூசாரி முன்வரிசை நாற்காலிகளைப் பார்த்தார், பின்னால் நீண்டு கிடந்த வரிசையைப் பார்த்தார். "இருந்துச்சே. இப்பத்தான் நல்லபடியா..."

எல்லம்மாள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். முழங்கைப் பக்கம் ஒரு இலை விரிந்தது.

"இல்ல, இல்ல! எல்லம்மா, இல்ல!"

"சத்தமா சொல்லு."

"பேயி ஒண்ணியும் இல்ல! அந்தப் பொண்ணு சும்மாதான் சிரிச்சிச்சி!"

பம்பை நின்றிருந்ததால் அது பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். "அப்பிடின்னா, நெசமாவே எம்பையனப் பாத்துத்தான் சிரிச்சாளா?" என்றாள். பேய் பிடித்த மருமகளை ஏற்றுக்கொள்கிற அளவுக்குப் பெரிய மனசு அவர்களுக்கு இருந்தது, சிரிப்பு வந்து சிரித்த மருமகளை ஏற்றுக்கொள்ள மனசு வரவில்லை. டைல்ஸ் கடைக் குடும்பம் வந்த காரிலேயே ஏறிப் போனது. நிரோஷா அப்பாவின் முன்னால் போய்க் கையை நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கத் தடுமாறினார், அவளே குனிந்து அவிழ்த்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். பூசாரியும் அப்படித்தான் நினைத்து, "வெட்டும்மா," என்று கண்ணை மூடிக்கொண்டார். எல்லம்மாள் கத்தியை ஒட்டுப் பிடித்த இடத்தில் வைத்தாள். வெட்டவில்லை. 

"எனக்கு?" என்றாள்.

பூசாரி கண்ணைத் திறந்தார். "உனக்கு இன்னாம்மா?"

"மறந்துட்டியா? நான் கல்யாணமாயி இந்த ஊருக்கு வந்த புதுசு. எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, பாக்கப் போவணும்னு கேட்டேன். உடல. அழுதேன், சோறு திங்காம கெடந்தேன். பேயின்னாங்க. இதே மரம், நீதான் அடிச்ச. எங்கம்மா செத்தப்பகூட நான் அழல. அழுதா இன்னொண்ணு அடிப்பீங்கன்னு அழல."

என் கடை வருவதற்கு முந்தின சங்கதி அது, எனக்குத் தெரியாது. முனிரத்தினத்துக்குத் தெரியும், அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிரோஷா சாவியைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்தாள்.

பூசாரிக்குக் கை விடுபட்டால் போதும் என்றிருந்தது. நல்லது செய்கிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, "உனக்கும் ஒண்ணியும் இல்ல எல்லம்மா. அப்பவும் இல்ல," என்றார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை, ஊரும் கேட்டதில்லை. நிரோஷா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மகளின் பிடியில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்:

"ஒண்ணியும் இல்லன்னா, அன்னைக்கி எங்கிட்டருந்து எதப் புடுங்கி இந்த மரத்துல அடிச்ச?"

பூசாரி கையை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.  எழுந்து போக வழியில்லை. கத்தி எல்லம்மாளின் கையிலேயே இருந்தது. கயிற்றுக்குப் பின்னால், வரிசையில் அடுத்ததாக நின்ற பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு அடி முன்னால் வந்து, பூசாரியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு?" என்றாள்.